நூற்றுப் பதினான்காவது ஆள்

அப்பாவின் காலிலிருந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மூன்றாவது முறையாகக் கைபேசி அடித்தது. பத்து மணிப் பேருந்துக்குக் கிளம்பி, செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். மருத்துவர் பார்த்துவிட்டுப் போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அவள் எடுத்தாள். எடுக்காமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை கணக்கு நாள். வெள்ளத்திலும் சண்டையிலும் வீட்டை விட்டு வந்தவர்கள் எந்த முகாமில் எத்தனை பேர் என்று கேட்டுப் பதிவதுதான் அவள் வேலை. கை சும்மா இருந்தால் உடைந்துவிடுவோம் என்று பயமாகவும் இருந்தது.

"பள்ளிக்கூட முகாம்மா. நூத்திப் பதினாலு பேரு," என்றார் சாவிக்காரர். அந்தப் பள்ளிக்கூடத்தின் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கும். பெயரும் அதனால் வந்தது.

"நூத்திப் பதிமூணு! எப்பப் பாத்தாலும் ஒண்ணு கூடவே சொல்றீங்க. ரெண்டு வருஷமா இதே பாட்டு. இன்னிக்காவது ஒழுங்காக் கூட்டக் கூடாதா?" கத்திவிட்டாள். பிறகு, "அப்பா போயிட்டாரு," என்றாள்.

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கியது. "வர்றேம்மா," என்றார்.

கணவன் வாசலில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தான். "அந்த ஃபோனை வச்சிட்டுக் கொஞ்சம் உக்காரேன்," என்றான். அவளால் முடியவில்லை. மருந்துப் பெட்டியை அடுக்கினாள், கலைத்தாள், திரும்ப அடுக்கினாள்.

"உன் தம்பிக்கு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். மடித்த நாற்காலி ஒன்றை வேலை மெனக்கெட்டு விரித்தான்.

நான்கு வருடத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்தபோது, வீட்டுப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனவன் தம்பி. அன்றைக்கே சண்டை மூண்டு சாலையை மூடிவிட்டார்கள். அவளுடைய பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 'தகவல் இல்லை' என்றிருக்கிறது.

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த பிறகு அவரை முகாமிலிருந்து தன்னோடு கூட்டிவந்தாள். ஓர் ஆள் இரண்டு இடத்தில் கணக்காகக் கூடாது. அதுதான் அவள் வேலையின் முதல் பாடம். கைபேசிப் பதிவில் 'வேறிடம் போனார்' என்று போட்டால் முகவரி, காரணம், சாட்சி என்று ஒரு முழுப் பக்கம் நிரப்ப வேண்டும். 'ஊர் திரும்பினார்' என்றால் ஒரு தொடுதல். அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டாள்.

"அவன் வந்து கேட்டா நான் ஊருக்குப் போயிட்டேன்னுல்ல சொல்லுவாங்க?" என்றார் அப்பா. அவ்வளவுதான் கேட்டார்.

"மாத்திடறேன்ப்பா."

மாற்றவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது. அப்பா அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய்தோறும் பேருந்து ஏறி முகாமுக்குப் போக ஆரம்பித்தார். பழைய கூட்டாளிகளோடு சீட்டாடத்தான் இந்த ஓட்டம் என்று அவள் கேலிகூடச் செய்திருக்கிறாள்.

இரண்டு மணிக்குச் சாவிக்காரர் வந்தார். அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கக்கத்திலிருந்த நீள நோட்டை எடுத்து அவளிடம் விரித்தார். அப்பாவின் பெயர் அடிக்கப்படாமல் இருந்தது. அதற்கு நேரே செவ்வாய்க்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து.

"நீங்க கம்ப்யூட்டர்ல எடுத்துட்டீங்க. இதுல எடுக்க வேணாம்னு கேட்டுக்கிட்டாரும்மா. வருவாரு, கையெழுத்துப் போடுவாரு, நாலு மணி பஸ் வர்ற வரைக்கும் வாசக் கேட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. கூட்டத்துல கையை விட்டுட்டா விட்ட எடத்துலயே நில்லுன்னு சொல்லி வளத்தேன், இப்ப நானே நகந்துட்டா புள்ள எங்க வந்து தேடும்னு கேப்பாரு." பிறகு தயங்கி, "எனக்குக் கூட்டல் வரும்மா," என்றார்.

அவளுக்கும் அதைச் சொல்லித்தான் வளர்த்தார். அந்த ஒன்றை வாராவாரம் கழித்தது தன் கைதான் என்று நினைத்தபோது, அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"வண்டி வந்தாச்சு," என்று கணவன் குரல் கொடுத்தான்.

"ஒரு நிமிஷம்."

கைபேசியில் அப்பாவின் பக்கத்தைத் திறந்தாள். கடைசியாக 'இறந்தார்' என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டால் பெயரே போய்விடும். விரல் அதன் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேலே ஏறி, 'இங்கே இருக்கிறார்' என்பதைத் தொட்டது. தொலைபேசி எண் கேட்ட இடத்தில் தன் எண்ணைப் பதிந்தாள்.

நோட்டை வாங்கி, இன்றைய கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"இது அவரு கட்டம்மா."

"தெரியும். அந்த பஸ் பத்து மணிக்குச் சரியா வந்துடுமா?"

"அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன ஆகும்."

வாசலில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். சாவிக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டு, "அப்ப மொத்தம் எவ்வளவுன்னு போட?" என்று மெல்லக் கேட்டார்.

"நூத்திப் பதினாலு," என்றாள்.