செடி மாற்றும் சனிக்கிழமை

கொசுவலை கட்டிய கூண்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போன தம்பியைச் சாராள் ஓடிப்போய் மறித்தாள். புருஷன் கூடத்தில் பெட்டிக்குள் கிடக்கிறார், பாதிரியாரும் வந்தாயிற்று. இவளோ அந்தக் கூண்டுக்குள் வாடிக்கிடக்கும் ஒரு கத்தரிச்செடிக்காகக் கூடப்பிறந்தவனோடு மல்லுக்கு நிற்கிறாள்.

"எழவு வூட்ல பூச்சி இன்னாத்துக்குக்கா? கொட்டிட்டு வந்துட்றேன்."

"கொட்டுனா அவரு நாலு வருஷம் பட்ட பாடு அத்தனையும் பூடும். கீழ வைடா."

அவள் புருஷன் ஞானதாஸ் செங்கல்பட்டில் அறிவியல் வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், திருப்போரூர் விவசாயி சடையப்பனின் கத்தரியில் எத்தனை தரம் மருந்தடித்தும் அசுவினிப்பூச்சி சாகவில்லை. நீதான் மருந்தில் தண்ணீரை அதிகமாக ஊற்றிக் கெடுத்திருப்பாய் என்று மருந்து விற்றவர்கள் கைகழுவிவிட்டார்கள். இவர் ஒருத்தர்தான் சடையப்பனை நம்பினார். நம்பியதோடு விடுகிற ஆளா? அந்தப் பூச்சிகளை வீட்டிலேயே வளர்த்து, ஒவ்வொன்றாக வடிதாளில் நசுக்கிச் சாயம் விட்டுப் பார்த்தார். மருந்துக்குச் சாகாத பூச்சியின் கறை மட்டும் கருஞ்சிவப்பாக ஏறியது.

"அதும் ஒடம்புல ஒரு நொதி கூடுதலா ஊறுது சாரா. மருந்து நரம்புக்குப் போறதுக்குள்ள புட்ச்சு ஒடச்சுடுது!" என்று அன்றைக்கு அவர் குதித்த குதியை நினைத்தால் சாராளுக்கு இப்போதும் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை ஆராய்ச்சிப் பண்ணை அதிகாரிகள் வருகிறார்கள். உயிருள்ள பூச்சியைச் சோதித்துப் பார்த்தால்தான் நம்புவார்களாம். ஆஸ்பத்திரியில் கழிந்த மூன்று நாளில் செடி காய்ந்து, பாதிப் பூச்சிகள் உதிர்ந்துவிட்டன. புதுச் செடிக்கு இந்த நேரத்தில் எங்கே போவது?

சடையப்பன் வாசலில் வந்து நின்றார். மாலை இல்லை. கையில் மண்ணோடு பெயர்த்த கத்தரிக்கன்று.

"சனிக்கெழமயாச்சேம்மா. வாத்தியாரு செடி மாத்துவாரே..." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாராள் கணவரின் மெல்லிய தூரிகையை எடுத்தாள். பூச்சியை வெடுக்கென்று தூக்கினால் இலைக்குள் குத்தியிருக்கும் அதன் மூக்கு ஒடிந்துவிடும். முதுகைத் தொட்டுத் தொட்டு, அதுவாக மூக்கை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவர் செய்வதைப் பார்த்திருக்கிறாள்.

"நேரமாகுதம்மா," என்றார் பாதிரியார்.

"பத்து நிமிஷம் குடுங்க ஐயா."

வந்திருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். தம்பி கன்றை வாங்கி, அக்காவின் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

புதுத் தளிரில் முதலில் ஏற்றிய பூச்சி மூக்கைக் குத்தி நிலைத்துவிட்டது. அதன் பின்புறத்திலிருந்து, கடுகிலும் சிறிதாக ஒரு குட்டி மெல்ல இறங்கியது. இலையைத் தொடுவதற்கு அதன் கால்கள் காற்றில் துழாவின.

தொட்டதும், பெட்டியைத் தூக்கலாம் என்று சாராள் தலையசைத்தாள்.