மிஷின் எண்ணெய்

கலீல் ரஹ்மான் தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்தியிருந்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. ஹேண்டில்பார் திருகிக் கிடந்தது. முன் சக்கரத்தில் பெரிய கோட்டம்.

ஷார்ஜாவில் சைக்கிள் கடையில் வேலை பார்க்கும் மூத்த மகன் அர்பாஸுக்குத் தம்பியின் ஜனாஸாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அஸ்பாக்கின் மேல் போட்ட மண் காய்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். அம்மா போன பிறகு மூன்று பேராக இருந்த வீட்டில் இப்போது அவனும் அத்தாவும்தான்.

"உக்காரு," என்றார் அத்தா. "எது எதுக்குன்னு ஒண்ணொண்ணா சொல்லு. எது போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரிஞ்சதும் அந்தத் திருமலை கடைக்குப் போறேன்."

செங்கம் ரோட்டில் பழைய சைக்கிள் விற்பவர் திருமலை. ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் மலை சைக்கிள்களை வாங்கி, சரிசெய்து விற்பார். அஸ்பாக் அவரிடம்தான் வாங்கினான். ஜமுனாமரத்தூர் மலை இறக்கத்தில், ஒரு வளைவில், பிரேக் பிடிக்காமல் விழுந்து இறந்துபோனான். பின்னால் வந்த சிநேகிதன் சொன்னது இவ்வளவுதான்: "லீவரைப் புடிச்சிக்கினேதான் இருந்தான்."

அர்பாஸ் தரையில் உட்கார்ந்தான்.

"இது முன் சக்கரத்தைத் தாங்கற ஃபோர்க். உள்ள ஒரு பக்கம் காத்து, ஒரு பக்கம் எண்ணெய். கல்லு மேல ஏறினா அமுங்கும். எண்ணெய் இருக்கறதால துள்ளாம மெதுவா எழும்பும்."

அத்தா இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது, எழுந்தது. "இது போவல."

"போவல."

"அடுத்தது."

"பின்னாடி இந்தப் பல்லுச் சக்கரங்க. ஏத்தத்துக்குப் பெருசு, சமதரைக்குச் சின்னது. கீழ தொங்குதே, அதுதான் செயினைத் தள்ளி மாத்தும். தொய்வு விடாம இழுத்தும் புடிச்சிக்கும்."

"மிஷின்ல நூலை இழுத்துப் புடிக்கிற ஸ்ப்ரிங் மாதிரி."

"அதேதான் அத்தா."

அத்தாவின் முகம் ஒரு நொடி தெளிந்தது. அஸ்பாக் இருந்தபோது இதையெல்லாம் அவர் கேட்டதில்லை. 'இவ்ளோ பெரிய டயரு, லாரிக்காடா சைக்கிளுக்காடா' என்று கிண்டல் செய்வதோடு சரி.

"டயரு?"

"மண்ணைக் கவ்வறதுக்குத்தான் இந்தக் கட்டை கட்டையா ரப்பரு. காத்து கம்மியா அடிக்கணும், அப்பதான் வழுக்காது. இதுவும் நல்லாத்தான் இருக்கு."

மிச்சம் பிரேக்.

"இந்த லீவரை அமுக்கினா ட்யூப்ல இருக்கிற எண்ணெய் தள்ளும். அது தள்ளினா, இங்க ரெண்டு பக்கமும் இருக்கிற கட்டைங்க சக்கரத்தோட சுத்தற இந்தத் தட்டைக் கவ்வும். உரசினாதான் வண்டி நிக்கும்."

லீவர் கெட்டியாக இருந்தது. ட்யூபில் ஒழுக்கு இல்லை. திருமலை சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். கட்டைகள் புதியவை, அர்பாஸே ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியவை. மாட்டிய அன்று தம்பி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இன்னும் போனில் இருக்கிறது. "ண்ணா, புதுக் கட்டை கீச்சு கீச்சுன்னு கத்துது. நீ சொன்ன மாதிரி படியட்டும்னு விட்டுட்டேன்."

வாசல் வெயிலில் அந்தத் தட்டு மயில்கழுத்து நிறத்தில் மின்னியது. அர்பாஸ் விரலால் தடவி முகர்ந்தான். சின்ன வயதிலிருந்து தெரிந்த வாசனை. அத்தாவின் சட்டை வாசனை.

"அதுக்கும் விட்டிருக்கேன்," என்றார் அத்தா. "கிளம்பின அன்னிக்கு காலையில. அவன் பல்லு வெளக்கினு இருந்தான், அவனுக்குத் தெரியாது. மிஷின் எண்ணெயை எடுத்து எல்லா எடத்துலயும் விட்டேன். அந்தத் தட்டுதான் ரொம்பக் கத்துச்சு, அதுக்கு ஜாஸ்தியா. எண்ணெய் விடாத மிஷின் எங்கடா ஓடும்? நான் நல்லாத்தான்டா பார்த்துக்கினேன்."

ஊருக்குள் மெதுவாகப் போகும்போது வண்டி எப்படியோ நின்றிருக்கும். இறக்கத்தில், எண்ணெய் குடித்த கட்டை எவ்வளவு அமுக்கினாலும் வழுக்கித்தான் இருக்கும்.

அர்பாஸ் லுங்கி நுனியால் தட்டைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

அத்தா செருப்பை மாட்டிக்கொண்டார். "வா. திருமலைகிட்ட நீயே பேசு. உனக்குத்தான் இதுங்க பேரெல்லாம் தெரியும். அவனை நாலு பேருக்கு முன்னாடி நிக்க வைக்கணும்."

"அவர் மேல தப்பில்ல அத்தா."

"அப்ப யார் மேலடா?"

அத்தா வாசற்படியில் நின்று அவனையே பார்த்தார்.

"கட்டை. நான் அனுப்பினேனே, அது டூப்ளிகேட்டு."

"தெரிஞ்சேவா வாங்கின?"

அவன் தலையசைத்தான்.

"கம்மியா கெடைச்சுதா?"

"ஆமா."

அத்தா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். செருப்பைக் கழற்றினார், சைக்கிளைச் சுவரோரம் தள்ளினார், மிஷினைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊசிக் காதில் நூல் நுழைய மறுத்தது. அர்பாஸ் வாங்கிக் கோர்க்கப் போனான்.

"விடு," என்றார்.

லீவு முடியும்வரை அவர் பேசவில்லை. சோறு போட்டுத் தட்டை அவன் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போவார். உண்மை பலமுறை அவன் தொண்டைவரை வந்தது. ஒவ்வொரு முறையும் மிஷின் மேல் அந்த எண்ணெய் டப்பா நின்றுகொண்டிருந்தது.

கிளம்பும் நாள் பெட்டியை இழுத்தான். சிமெண்ட் தரையில் சக்கரம் கீச்சென்று கத்தியது.

"நில்லு."

அத்தா எண்ணெய் டப்பாவோடு வந்தார். பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் சொட்டு விட்டு, விரலால் சுழற்றி, வழிந்ததை வெட்டுத்துணியால் துடைத்தார்.

"ஏர்போர்ட் வரைக்கும் இப்படியே கத்தினு போவியா? இதைக்கூடப் பார்த்துக்கத் தெரியல." நிமிராமலே சொன்னார். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

தேரடி வீதிவரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலேயே பெட்டி வந்தது, சத்தமே இல்லாமல்.