மலைமேல் பேனா எழுதாது

மலையேற்றச் சங்கத்தின் செயலாளர் ஒரு அட்டைப்பெட்டியை என் தையல் மேசைமீது வைத்தபோது நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, முப்பது வயதுதான் இருக்கும். கிழிந்த கூடாரம், ஜிப் போன தூக்கப் பை, வார் அறுந்த முதுகுப் பை இவற்றையெல்லாம் தைத்துக் கொடுக்கிற பொம்பளை, அவ்வளவுதான் அவருக்கு நான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வெள்ளி விழா. கண்ணாடிப் பெட்டியில வைக்கிற சாமான் இதெல்லாம். கொஞ்சம் பார்க்கிற மாதிரி ஆக்கிக் குடுங்க."

உள்ளே ஒரு பழைய முதுகுப் பை, ஒரு ஜோடி கையுறை. அடியில் கான்வாஸ் அட்டை போட்ட ஒரு நோட்டு. அட்டையின் முதுகில் நூல் விட்டுப்போயிருந்தது. அது நான் எழுதிய நோட்டு.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இந்தச் சங்கம் முதல்முறையாகப் பெண்கள் குழு ஒன்றை எட்டாயிரம் மீட்டர் மலைக்கு அனுப்பியது. பெண்கள் குழு என்று பேர், தலைவர் ஆண். பெண்களைத் தனியாக அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். ஆண்கள் போய் ஏதாவது ஆனபோதெல்லாம் யார் பதில் சொன்னார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரயிலே ஏற விட்டிருக்க மாட்டார்கள்.

தலைவரை எல்லோரும் கேப்டன் என்போம். எங்கள் ஆறு பேரில் கெட்டிக்காரி ஆணி. பாறையில் ஒரு இடத்தில் கால் வைத்தால் அப்படியே அறைந்த மாதிரி நிற்பாள், அதனால் அந்தப் பேர். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அடிவார முகாமில் உட்கார்ந்து வாக்கி டாக்கியில் வருவதைக் கேட்டு, நேரம் போட்டு, சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுதுவது என் வேலையாயிற்று.

கடைசி நாள் உச்சிக்குக் கிளம்பியது மூன்று பேர்: கேப்டன், அவர் துணைக்குக் கூட்டிவந்த இன்னொரு ஆண், ஆணி. ஒன்பதரைக்குக் காற்று பிடித்துக்கொண்டது. ஆண்கள் இரண்டு பேரும் திரும்பினார்கள். அதில் தப்பே இல்லை, மலையில் திரும்பத் தெரிந்தவன்தான் பிழைப்பான். ஆணி திரும்பவில்லை. பத்தரைக்குக் காற்று அடங்கியது. பதினொன்று நாற்பதுக்கு என் கையிலிருந்த பெட்டி கரகரத்தது.

"ஆணி பேசுறேன். இதுக்கு மேல ஏற ஒண்ணும் இல்லடி."

அழுதுகொண்டே அதை எழுதினேன். விரல் மரத்துப்போயிருந்ததால் பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதினேன். எங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி அந்த உயரத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.

கேமரா கேப்டனின் பையோடு கீழே வந்துவிட்டிருந்தது. அவளுக்குப் போட்டோ கிடையாது. ஊர் திரும்பும் வழியில் நோட்டைக் கேப்டன் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். தான் திரும்பிய இடத்திலிருந்து ஒரு பொம்பளை மேலே போய்விட்டு வந்தாள் என்று நாலு பேர் பேசினால் அவர் மீசை என்னாவது? சங்கம் விசாரணை வைத்தது. "ஆக்சிஜன் குறைஞ்சா மூளை குழம்பும். பாவம், நின்ன இடத்தையே உச்சின்னு நினைச்சிருக்கா" என்றாராம் கேப்டன். நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது என்று காட்டினாராம். என்னை ஒரு மத்தியானம் முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, டீ கொடுத்து, விசாரணை முடிந்துவிட்டது, போகலாம் என்று அனுப்பினார்கள். அப்போது எனக்குச் சங்கத்துக் கிடங்கில் வேலை. வாயை மூடிக்கொண்டு போனேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆணிக்கு இடது காலில் இரண்டு விரல்கள் போயின. இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அவள் மகள் ஆறாம் வகுப்பில் 'என் அம்மா' என்று கட்டுரை எழுதினாள். ஆசிரியை சிவப்பு மையில் 'உண்மையை மட்டும் எழுதவும்' என்று திருத்திக் கொடுத்திருந்தாள். அந்தத் தாளை ஆணி இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

செயலாளர் போனதும் நோட்டைத் திறந்தேன். பதினொன்று நாற்பதில் நான் எழுதியிருந்ததை ரப்பர் வைத்துத் தேய்த்திருந்தார்கள். தேய்த்த இடத்தில், கேப்டனின் சாய்ந்த எழுத்தில், நீல நிறத்தில்: 'உச்சிக்குச் சற்று முன்பே திரும்பிவிட்டாள்.'

போன் போட்டேன். மத்தியான டிரிப்புக்கு முன்னால் ஆணி பஸ்சோடு வந்து கடை வாசலில் நிறுத்தினாள். அந்த வரியைப் படித்தாள், நோட்டை மூடி என்னிடம் கொடுத்தாள்.

"விடுடி. பழகிப்போச்சு."

"என்னத்தப் பழகிப்போச்சு? செயலாளர் சொன்னாரு, ஞாயித்துக்கிழமை கல்லுல செதுக்கின பலகையைத் திறக்கறாங்க. உச்சி தொட்டவங்க பட்டியல். மூணு வருஷம் கழிச்சுப் போன பொண்ணு பேரைத்தான் முதல் பெண்ணுன்னு போட்டிருக்காங்க. கல்லுல ஏறிடுச்சுன்னா அப்புறம் உன் பேரன் பேத்தி வந்து முட்டினாலும் அசையாது."

"அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு? அவ ஏறினா."

"நீயும் ஏறினே!"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்." சாவியை விரலில் சுற்றினாள். "இது அவர் எழுத்துன்னு சொன்னா என்ன சொல்லுவாங்க? தலைவர் நோட்டுல தலைவர் எழுதாம வேற யார் எழுதுவாங்கம்பாங்க. நீ எழுதினது எங்கேம்பாங்க."

மூன்று நாள் அந்த வரியையே முறைத்துக்கொண்டு அட்டையைத் தைத்தேன். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. கோபம் கண்ணை மறைக்கும் என்பது சும்மா இல்லை; எதிரே இருந்ததைப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமான்களைக் கொடுக்கிற சாக்கில் போய் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன். மண்டபம் நிரம்பியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பஸ்சில் கூட்டி வந்திருந்தார்கள். ஓட்டி வந்தது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. விழாவுக்கு அவளுக்கு அழைப்பு இல்லை, அவள் பஸ்சுக்கு இருந்தது. கடைசியில் கதவோரம் சாவியும் கையுமாக நின்றாள். மேடையில் பச்சைத் திரைக்குப் பின்னால் பலகை.

இப்போது சங்கத் தலைவராகிவிட்ட கேப்டன் மைக்கைப் பிடித்தார். பிள்ளைகளைக் கண்டதும் அவருக்குக் குஷி பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி நோட்டைக் கையில் எடுத்தார். எந்தக் கூட்டத்திலும் அவர் சொல்கிற கதை ஒன்று உண்டு.

"பிள்ளைங்களா, இதுல எல்லாமே ஏன் பென்சில்ல எழுதியிருக்கு, சொல்லுங்க பார்ப்போம்? தெரியாதா? அந்தக் குளிருல பேனா மை உறைஞ்சுபோகும். நான் ஒரு வெளிநாட்டுப் பேனா கொண்டு போனேன், ஒரு எழுத்து எழுதல! வெறும் குச்சி! மலைமேல பேனா எழுதாது, ஞாபகம் வச்சுக்குங்க."

மண்டபம் சிரித்தது. எனக்குப் பொறி தட்டியது. எப்போது எழுந்தேன், எப்போது மேடை ஏறினேன் என்று தெரியாது. நோட்டை அவர் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

"நாப்பத்திரண்டு நாள் குறிப்பு. எழுதினது நான்தான். எல்லாம் பென்சில். இந்த ஒரு வரி மட்டும் பேனா. மலைமேல பேனா எழுதாதுன்னு இப்பதான் நீங்களே சொன்னீங்க. அப்போ இதை எங்க உட்கார்ந்து எழுதினீங்க, கேப்டன்?"

கேப்டன் என்னை அப்போதுதான் அடையாளம் கண்டார். முகம் செத்துவிட்டது. ஆனாலும் மேடைப் பழக்கம் விடுமா? மைக்கை நெருங்கி நிதானமாகச் சொன்னார்.

"அது... ஊருக்கு வந்தப்புறம் சரிபார்த்துத் திருத்தினது. தப்பான தகவலைத் திருத்துறது தலைவரோட கடமை."

"யார்கிட்ட சரிபார்த்தீங்க?"

அவர் மைக்கின் கழுத்தைத் திருகினார்.

"நீங்க ஒன்பதரைக்கே திரும்பிட்டீங்க. உங்க கூட வந்தவரும் திரும்பிட்டார். அதுக்கு மேல இருந்தது ஒருத்திதான். அவகிட்ட கேட்டீங்களா?"

முன்வரிசையில் யாரோ செருமினார்கள். ஒரு கமிட்டிக்காரர் எழுந்து மைக்கை அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். மைக் சுவிட்சின் பக்கத்தில் நின்ற செயலாளர் என்னைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டார்.

"கேக்கல இல்ல? இப்ப கேளுங்க. அதோ கதவுகிட்ட நிக்கிறா. இந்தப் பிள்ளைங்களை இங்க கொண்டுவந்து சேர்த்ததே அவதான்."

பிள்ளைகள் மொத்தமும் திரும்பிப் பார்த்தன. ஆணி ஓடிப்போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் நடந்து வந்தாள். இடது கால் கொஞ்சம் இழுக்கும், அதனால் மெதுவாகத்தான் வந்தாள். இருபத்தைந்து வருஷம் எங்களைக் காக்க வைத்தவர்கள் அந்த ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள்.

மேடை ஏறியதும் நோட்டை வாங்கினாள். நீல வரியை விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். நான் அன்று அழுத்தி எழுதியது அந்தத் தாளில் பள்ளமாகப் பதிந்திருந்தது. மூன்று நாள் என் மேசையில் கிடந்தும் நான் பார்க்காததை அவள் பார்த்துவிட்டாள். அதன்மேல் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, மைக்கில் படித்தாள்.

"பதினொன்று நாற்பது. ஆணி. இதுக்கு மேல ஏற ஒண்ணும் இல்லடி."

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

செயலாளர் திரைக் கயிற்றின் பக்கம் போனார்.

"தொடாதீங்க," என்றாள் ஆணி. "என் பேரையும் கல்லுல வெட்டிட்டுத் திறங்க. வெட்டுக்கூலிக்கு எனக்கு பில் அனுப்பிடாதீங்க."

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்குப் பிள்ளைகளை வீடு சேர்க்க வேண்டும். நோட்டை என்னிடம் கொடுத்தாள்.

"நீயே வச்சுக்க. இனிமே யார் கேட்டாலும் குடுக்காத."

கொடுக்கவில்லை. சங்கத்திலிருந்து கேட்டு இரண்டு கடிதம் வந்துவிட்டது. ஆணி பேர் கல்லில் வெட்டியாகிவிட்டதா என்று பதில் எழுதியிருக்கிறேன், பேனாவால்.