காசா தங்கமா

தவசிமுத்துவுக்குப் பக்கவாதம் வந்தது ஐப்பசி மழையில். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பல் விளக்கப் போனவர் அப்படியே கதவோரம் சாய்ந்துவிட்டார். மதுரையில் வைத்துப் பார்த்து வீட்டுக்குக் கூட்டி வந்தபோது வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "சரி" என்றே வந்தது. இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். கோடு விழுந்ததே தவிர எழுத்து விழவில்லை.

அவருக்கு எல்லாம் புரியும், ஆனால் நினைப்பது ஒன்றும் வாயில் வருவது ஒன்றுமாக இருக்கும், தலையாட்டுவதைக்கூட நம்ப வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மனைவி அங்காளம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் 'எல்லாம் புரியும்' என்பது மட்டும் மனதில் தங்கியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் நாளைக் கடத்தினார்கள்.

தவசிமுத்துவுக்கு இருந்த ஒரே பித்து பழைய நாணயங்கள். திருவிதாங்கூர்ச் சக்கரம், ஓட்டைக் காலணா, சதுரமாக இருந்த இரண்டணா என்று ஒரு மரப்பெட்டி நிறைய வைத்திருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவார். அங்கே நாணயம் சேர்ப்பவர்களின் சங்கம் கூடும். அதில் அவருக்கு நெருக்கமானவர் சீனிச்சாமி, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் சண்டை போட்டதும் அவரோடுதான்.

சண்டை எல்லாம் அரசாங்கம் விற்கிற தங்கக் காசைப் பற்றி. ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தி, அட்டையில் வைத்து ஒட்டி பேங்கில் விற்பார்கள். அரசாங்கம் அடித்தது, அரசாங்க முத்திரை இருக்கிறது, அப்புறம் நாணயம் இல்லாமல் வேறென்ன என்பார் சீனிச்சாமி. தவசிமுத்து ஒத்துக்கொள்ள மாட்டார். அதில் எடை போட்டிருக்கிறதே தவிர இத்தனை ரூபாய் என்று போட்டிருக்கிறதா? அதைக் கொடுத்து ஒரு டீ குடிக்க முடியுமா? முடியாதென்றால் அது வட்டமாக வெட்டின தங்கம், அவ்வளவுதான். போன வருஷம் சங்கம் நடத்திய கண்காட்சியில் சீனிச்சாமி கொண்டுவந்த காசுகளை நாணய வரிசையில் வைக்க விடாமல், பதக்கங்கள் இருந்த மேசைக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு சீனிச்சாமி கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படிச் சொன்ன தவசிமுத்துவே தீபாவளிக்குத் தீபாவளி பேங்கில் அந்தக் காசு ஒன்று வாங்கி வந்தார். மகள் ஜெயசித்ராவுக்காக. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் பூட்டு உள்ள பெட்டி அது ஒன்றுதான் என்பதால் நாணயங்களோடு வைத்தார். பேத்திக்குக் காது குத்தின அன்று சொந்தக்காரர்கள் இருக்கும்போது, என் காசெல்லாம் பாண்டிதுரைக்கு, தங்கமெல்லாம் ஜெயசித்ராவுக்கு என்று சொன்னார். இதைவிடத் தெளிவாக ஒருவன் என்ன சொல்ல முடியும் என்றுதான் அன்றைக்கு நினைத்தார்.

தை பிறந்ததும் ஓசூரிலிருந்து மகன் பாண்டிதுரை வந்தான். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்னது அவனை அரித்துக்கொண்டிருந்தது. அப்பா இருக்கும்போதே, அப்பா சம்மதத்தோடே எல்லாவற்றையும் பிரித்துக்கொள்வோம் என்று தங்கையைப் போனில் அழைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், அரைமணி நேரத்தில் வந்துவிட்டாள். விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கட்டும் என்று சீனிச்சாமியையும் வரச் சொல்லியிருந்தான்.

தவசிமுத்துவை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே பெட்டியைத் திறந்தார்கள். பழைய நாணயங்களுக்குக் கீழே அந்த அட்டைகள் இருந்தன. காது குத்தில் அப்பா சொன்னதை ஜெயசித்ரா சீனிச்சாமிக்கு எடுத்துச் சொன்னாள்.

"தங்கக் காசுன்னு பேரிலேயே இருக்கு," என்றான் பாண்டிதுரை. "காசோடதான் வச்சிருக்காக."

"பேருல முதல்ல தங்கம்தானண்ணே இருக்கு," என்றாள் ஜெயசித்ரா.

இருவரும் சீனிச்சாமியைப் பார்த்தார்கள். சேர்க்கிறவர்கள் இதை நாணயமாக எடுத்துக்கொள்வார்களா என்று பாண்டிதுரை கேட்டான். சீனிச்சாமி பொய் சொல்லத் தெரியாத மனுஷர். என்னைக் கேட்டால் நாணயம்தான், எங்கேயும் அதைத்தான் சொல்வேன் என்றார்.

தவசிமுத்துவுக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. இல்லை என்று கத்தினார். "சரி, சரி" என்று வந்தது. இடது கையை நாற்காலியில் தட்டினார். ஜெயசித்ராவை நோக்கிக் கையை நீட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று அங்காளம்மாள் எழுந்து உள்ளே போனாள்.

சீனிச்சாமி சிரித்தார். "பாருங்க, இன்னமும் ஒத்துக்க மாட்டேங்காரு. காசே இல்லம்பாரு எப்பவும்."

ஜெயசித்ரா நிமிர்ந்தாள். "அப்பா காசு இல்லன்னா சொல்லுவாக?"

பாண்டிதுரை கெட்டவன் இல்லை. அவனுக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. அப்படியானால் இதில் ஏன் வைத்தார், அவரிடமே கேட்போம் என்று நாற்காலிக்கு முன்னால் குனிந்தான்.

"அப்பா, இது காசுதானே?"

இல்லை என்கிற சொல்லை தவசிமுத்து எங்கெங்கோ தேடினார். சின்ன வயதில் கற்ற சொல், எத்தனை ஆயிரம் தடவை சொன்ன சொல்.

"சரி," என்றார்.

நீயும் கேள் என்று அண்ணன் சொல்ல, ஜெயசித்ரா அருகில் வந்தாள். "தங்கமாப்பா?"

"சரி."

இந்த முறை அவர் சொல்ல நினைத்ததும் அதுதான். ஆனால் அது இப்போது எதற்கும் உதவாத சொல். அவர் கண்ணில் நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. ஜெயசித்ரா முந்தானையால் துடைத்துவிட்டாள். அப்பாவை இப்படிச் சோதித்துப் பார்க்கிறோமே என்று அவளுக்குத் தாங்கவில்லை.

"போதும்ணே. அவுகள உட்கார வச்சுக் கேள்வி கேக்க வேண்டாம். நீயே எடுத்துக்க."

பாதியாவது எடுத்துக்கொள் என்றான் பாண்டிதுரை. பாதி காசாகவும் பாதி தங்கமாகவும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அம்மா கொண்டுவந்த தண்ணீரை வாங்கி அப்பாவுக்குப் புகட்டினாள். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மறுநாள் பெட்டி ஓசூருக்குப் போனது.

அடுத்த ஞாயிறு சீனிச்சாமி தனியாக வந்தார். அந்தப் பதக்க மேசை விஷயத்தையும் காது குத்தில் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியதாம். நேரே ஜெயசித்ரா வீட்டுக்குப் போய், உங்கப்பா இதைத் தங்கமென்றுதான் நினைத்தார், உனக்கென்றுதான் வாங்கியிருப்பார் என்று சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டவள், இதைக் கொண்டுபோய் அண்ணனிடம் சொன்னால் நான் அனுப்பிவிட்ட மாதிரி ஆகும், விட்டுவிடுங்கள் மாமா என்றாளாம். பாண்டிதுரைக்கும் போன் போட்டிருக்கிறார். அப்பாவே சரி என்றாரே என்றானாம் அவன்.

"நான் அன்னைக்கு வாய மூடிட்டு இருந்திருக்கணும்," என்றார் சீனிச்சாமி.

தவசிமுத்து அவர் கையைப் பிடித்தார். உன் மேல் தப்பில்லை என்று சொல்ல நினைத்தார். அதற்கும் "சரி" என்றே வந்தது. சீனிச்சாமி அதைத் தன்னைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

பங்குனியில், பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு டம்ளரைக் காட்டித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தபோது, தவசிமுத்து வாயிலிருந்து "தண்ணி" என்று வந்தது. அடுக்களையில் இருந்த அங்காளம்மாள் ஓடி வந்தாள். அழுதுகொண்டே மகனுக்கும் மகளுக்கும் போன் போட்டு, அப்பா பேசிட்டாக என்றாள். போனை அவர் காதில் வைத்தாள்.

"அப்பா," என்றாள் ஜெயசித்ரா. "சொல்லுங்கப்பா."

அது தங்கம், உனக்குத்தான் வாங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

"தண்ணி," என்றார் தவசிமுத்து.

மறுமுனையில் மகள் சந்தோஷத்தில் அழுவது கேட்டது. அங்காளம்மாள் டம்ளரை நிறைத்து உதட்டில் வைத்தாள். தாகமில்லை. ஆனாலும் அவர் குடித்தார்.