அதே சிவப்பு

கல்குவாரி மேட்டில் வண்டி மறுபடியும் திணறியது என்று மனைவி வந்து சொன்ன அன்றைக்கே கலர் மாஸ்டர் முடிவு செய்துவிட்டார், இனியும் மச்சானின் வாய்ப்பேச்சை நம்பிக் கொண்டிருக்கக் கூடாது என்று.

"ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், சத்தம் மட்டும் ஏறுது. வண்டி ஏற மாட்டேங்குது," என்றாள் அவள், பையை நாற்காலியில் போட்டபடி. "கண்ணாடியில பார்த்தா பின்னாடி லாரியோட மூஞ்சி மட்டும்தான் தெரியுது. ஹார்ன் வேற அடிக்கிறான். பாப்பா பின் சீட்ல பாட்டு பாடிட்டிருக்கா, எனக்கு உயிரே போயிடுச்சு."

அவள் ஊருக்குள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வீடு மேட்டுக்கு மேலே, புதிதாகப் போட்ட மனைகளில் இருந்தது. சாயங்காலம் பள்ளி விட்டு இருவரும் வீடு வந்து சேர வேண்டுமானால் அந்த மேட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் வெட்டி நிறுத்திய பாறை, மறுபக்கம் வண்டிகள் பள்ளத்தில் விழாமல் இருக்கப் போட்ட குண்டுக் கற்கள். நடுவில் கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக முக்கிக்கொண்டு ஏறும். லாரிக்காரன் ஒருவன் மேட்டில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அதனால் எவனும் நிற்க மாட்டான். முன்னால் போகிறவன்தான் பார்த்துப் போக வேண்டும்.

வண்டி மச்சானிடமிருந்து வந்தது. மனைவியின் அண்ணன். கியர் போடத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார். "தங்கச்சி காலுக்குக் கஷ்டமே இருக்காது மாப்ளே, குழந்தை மாதிரி ஓடும்," என்று தேனொழுகப் பேசிச் சாவியைக் கொடுத்தார். வண்டியோடு வர வேண்டிய கையேட்டை மட்டும் எங்கேயோ தொலைத்துவிட்டார். மாஸ்டர் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது போனில் கேட்டதற்கும் அதே தேன்தான்.

"கியர் ஆயிலை நானே மாத்திட்டுத்தான் மாப்ளே குடுத்தேன். அதுல மட்டும் கைய வெச்சிடாதீங்க."

"ஏன் மச்சான், வெச்சா என்ன?"

 அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அட, ஓடுற வண்டி ஓடட்டுமேன்னு சொன்னேன். பழைய வண்டில சிலதைத் தொடாம இருந்தாலே நல்லது."

அந்தச் சிரிப்பு மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. சிரிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லையே என்று அன்று முழுக்க மனதுக்குள் குடைந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் மாஸ்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கார்களுக்குப் பெயின்ட் கலக்கிக் கொடுப்பது அவர் தொழில். அடிபட்ட வண்டியின் பெட்ரோல் மூடியையோ, பெயர்ந்து வந்த ஒரு துண்டையோ யாராவது கொண்டுவந்து கொடுத்தால் போதும், வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார், டப்பாக்களைத் திறப்பார், கலக்குவார். காய்ந்த பிறகு பழையது எது புதியது எது என்று கலக்கியவருக்கே தெரியாது. நிறத்தை அளந்து சொல்ல முதலாளி வாங்கி வைத்த கருவி ஒன்று கடையில் உண்டு. அதன் மேல் மாஸ்டர் தன் தோள்துண்டைக் காயப்போட்டிருந்தார். வண்டி என்ன கம்பெனி, என்ன வருஷம் என்றெல்லாம் அவர் கேட்பதே இல்லை. "மாதிரி குடு, மத்ததை நான் பார்த்துக்கிறேன்," என்பார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் இத்தனை வருஷமாக அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆகவே அவர் என்ன செய்திருப்பார் என்று நீங்களே சொல்லிவிடலாம். வண்டியின் முன்மூடியைத் தூக்கி, ஆயில் அளக்கும் கம்பியை உருவினார். வெள்ளைத் துணியில் துடைத்தார். பழைய செங்கல் மாதிரி மங்கிப்போன சிவப்பு. முகர்ந்தால் கருகிய வாடை.

"மாத்தினாராம்! இதையா மாத்தினார் உங்க அண்ணன்?"

"அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. குரலில் சுருதி இறங்கியிருந்தது.

மாஸ்டர் அந்த ஆயிலில் கொஞ்சம் எடுத்து, பெயின்ட் மாதிரி வைக்கும் சின்ன பாட்டிலில் அடைத்துக்கொண்டார்.

உதிரிபாகக் கடையில் நல்ல கூட்டம். கடைக்காரம்மா ஒரு கையில் போனும் ஒரு கையில் பில்லுமாக நின்றாள். பின்னால் அலமாரி நிறைய ஆயில் டப்பாக்கள். மாஸ்டர் பாட்டிலை நீட்டினார்.

"இதே மாதிரி குடுங்கம்மா."

"என்ன வண்டிண்ணே?"

சொன்னார்.

"அதுல ரெண்டு வகை வருது. பல் சக்கரத்துல ஓடுறது ஒண்ணு, உள்ள பெல்ட் வெச்சு ஓடுறது ஒண்ணு. ரெண்டுக்கும் வேற வேற ஆயில். உங்களுது எது?"

"ஆட்டோமேட்டிக்குன்னா ஆட்டோமேட்டிக்தான். அதான் மாதிரி கொண்டு வந்திருக்கேனே."

"ஆயிலைக் கலரை வெச்சு சொல்ல முடியாதுண்ணே. கம்பெனிக்காரன் இஷ்டத்துக்குச் சேர்க்கிறதுதான் கலர். வண்டியை ஒரு நடை எடுத்துட்டு வாங்க, நம்பரைப் பார்த்து எந்த வகைன்னு சொல்றேன்."

கலரை வெச்சு சொல்ல முடியாதா! மாஸ்டருக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. யாரிடம் வந்து என்ன பேசுகிறாள் இந்தம்மா? ஒரு வெள்ளைத் தாளை வாங்கினார். பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டார். கருப்பு நடுவில் தங்க, ஓரத்தில் அசல் நிறம் மெல்லக் கசிந்து பரவியது. பக்கத்தில், கடையில் திறந்திருந்த டப்பாக்களிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விடச் சொன்னார். ஒன்று தேன் நிறம். ஒன்று பச்சை. ஒன்று இளஞ்சிவப்பு, ஆனால் இதுவல்ல. கடைசிச் சொட்டு பரவியதும் அவர் முகம் மலர்ந்தது. அதே சிவப்பு. விரலில் தேய்த்தால் அதே வழவழப்பு. முகர்ந்தால், கருகலுக்கு அடியில் ஒளிந்திருந்த அதே வாசனை.

"உள்ள இருக்கிறது எதுவோ அதைத்தானேம்மா ஊத்தணும்?"

"உள்ள இருக்கிறது சரின்னா, அதுதான் சரி," என்றாள் கடைக்காரம்மா. அதற்குள் வேறொருவர் பிரேக் கட்டை கேட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அந்த வார்த்தை மாஸ்டர் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, கீழே தட்டை வைத்து அடித் திருகைக் கழற்றினார். பழைய ஆயில் கொழகொழவென்று இறங்கியது. மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

"அப்பா, இதுல மினுமினுன்னு இருக்குப்பா!"

குனிந்து பார்த்தார். உண்மைதான். ஆயிலுக்குள் வெள்ளிப் பொடி தூவியது போல ஒரு மினுக்கம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. இரும்பு தேய்ந்து உதிர்ந்த பொடி அது. வேறு யாராவது பார்த்திருந்தால் உடனே மெக்கானிக்கிடம் ஓடியிருப்பார்கள். மாஸ்டருக்கோ தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"மெட்டாலிக் சிவப்பு பாப்பா. இதைக் கலக்க உங்கப்பா எவ்வளவு பாடுபடுவேன் தெரியுமா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சலாக வருகிறது.

புது ஆயிலை ஊற்றினார். திங்கட்கிழமை சாயங்காலம் மனைவி உச்சி குளிர்ந்து வந்தாள். "பூ மாதிரி ஏறுச்சுங்க! லாரிக்காரன் எங்கயோ பின்தங்கிட்டான்." செவ்வாயும் அப்படித்தான். அண்ணனைப் பற்றிச் சொன்னதற்காக மாஸ்டரிடம் கோபித்திருந்தவள், இப்போது அவருக்கு ரெண்டாம் தரம் டீ போட்டுக் கொடுத்தாள். மச்சானுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று மாஸ்டருக்கு நாக்கு துறுதுறுத்தது. வரட்டும், நேரில் வரட்டும் என்று வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளி விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பழக்கமான மெக்கானிக் ஒருவர் நசுங்கிய பம்பர் துண்டோடு பெயின்ட் கலக்க வந்தார். அதுவும் மாஸ்டரின் வண்டி மாடல்தான். மாஸ்டர் கலக்கிக்கொண்டே தன் பெருமையை அவிழ்த்துவிட்டார். தாளில் சொட்டு விட்டது, இன்ன ஆயில்தான் என்று கண்டுபிடித்தது, கடைக்காரம்மாவின் வாயை அடைத்தது, எல்லாம்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. "மாஸ்டர், உங்க வண்டி போறப்ப கியர் மாறுற மாதிரி சின்னச் சின்னதா ஒரு குலுக்கல் வருமா? இல்ல ஒரே இழுவையா போகுமா?"

"ஒரே இழுவைதான். குலுக்கலே கிடையாது."

"அப்ப அது பெல்ட் வண்டி. நீங்க சொல்ற ஆயில் பல் சக்கரத்துக்கு ஊத்துறது. அதை ஊத்தினா பெல்ட்டுக்குப் பிடிப்பு இருக்காது மாஸ்டர். புதுசா ஊத்தின ஜோர்ல ரெண்டு நாள் நல்லாத்தான் போகும். சூடு ஏற ஏற வழுக்கும். சுமையோட மேட்டுல ஏறுறப்ப ஒரேடியா கைவிட்டுடும்."

"உள்ள இருந்ததே அதுதான்ப்பா! நான் மாதிரி பார்த்துல்ல..."

சொல்லி முடிக்கவில்லை. கலக்கும் குச்சி கையிலிருந்து நழுவியது. போனை எடுத்து மச்சானை அழைத்தார்.

"மச்சான், நீங்க என்ன ஆயில் ஊத்தினீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"எதுக்கு மாப்ளே இப்ப..."

"சொல்லுங்கன்றேன்!"

மச்சானின் குரலில் தேன் வற்றிவிட்டது. "கடையில சிவப்பு ஒண்ணு குடுத்தான் மாப்ளே, ஊத்திட்டேன். அதுக்கப்புறம்தான் மேட்டுல இழுவை கொறைஞ்சுது. தப்பா ஊத்திட்டோமோன்னு தோணுச்சு. மறுபடி பிரிச்சா என்னென்ன வெளிய வருமோன்னு... மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். தங்கச்சி ஊருக்குள்ள தானே ஓட்டப் போகுதுன்னு..."

வீடு மேட்டில் இருப்பது அவருக்குத் தெரியாதா? கிரகப்பிரவேசத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்தான். மாஸ்டர் போனை வைத்தார். அந்த மனிதரின் ஒரு வார்த்தையைக்கூட நம்பாமல், அவர் ஊற்றிய ஆயிலை மட்டும் அப்படியே நம்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மாதிரிக்கு இம்மியும் பிசகவில்லை. மாதிரியே தப்பு.

கடைச் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளி விட்டாயிற்று. மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது என்று வண்டி வந்த அன்றைக்கே மகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியவர் அவர்தான். மறுபடி போட்டார். மறுபடியும் அதே மணி.

ஸ்கூட்டரை எடுத்து எப்படிக் கிளப்பினார் என்று அவருக்கே தெரியாது. பள்ளி வாசல் காலியாக இருந்தது. வாட்ச்மேன், "டீச்சர் அப்பவே கிளம்பிட்டாங்களே சார்," என்றார்.

மேடு தொடங்கும் இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. அந்த மேட்டில் எதற்கும் நிற்காத லாரிகள். எஞ்சினை அணைத்துவிட்டு, டிரைவர்கள் இறங்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஸ்கூட்டரை அப்படியே கீழே போட்டுவிட்டு, லாரிகளுக்கும் பாறைக்கும் இடையில் இருந்த சந்தில் ஏறி ஓடினார். யாரிடமும் எதுவும் கேட்கத் தைரியம் வரவில்லை.

பாதி ஏறியிருப்பார். தார்ச்சாலையின் ஓரமாக மேலேயிருந்து ஒரு சிவப்புக் கோடு அவரை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தது.

கால்கள் நின்றுவிட்டன. எத்தனையோ சிவப்பைப் பிரித்துச் சொன்ன கண்கள் அவை. நிழலிலும் வெயிலிலும், காய்ந்தும் காயாமலும், ஒரு துளி கருப்பு கூடினாலும் கண்டுபிடிக்கும் கண்கள். இது எந்தச் சிவப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. கோடு அவர் செருப்பருகே வந்து ஒரு கூழாங்கல்லைச் சுற்றிக்கொண்டு போனது. குனிந்தார். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார்.

கருகிய வாடை.

"ஆயில்தான்... ஆயில்தான்!" என்று வாய்விட்டு அழுதார். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அழுதபடியே மேலே ஓடினார். வண்டியின் பின்பக்க மூலை ஒன்று லாரியின் மூக்கில் சொருகியிருந்தது. முன்பக்கம் குண்டுக் கல்லின் மேல் ஏறி, அடிவயிறு கிழிந்து ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. மகள் லாரியின் படியில் யாரோ ஒரு பெண்ணின் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. அப்பாவைக் கண்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மனைவியை இறக்கி, பாறை நிழலில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு கால் மடங்கக் கூடாத விதத்தில் மடங்கியிருந்தது. நெற்றியிலிருந்து காதுவரை சிவப்பு. அது எந்தச் சிவப்பு என்று தொட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"பாப்பா?" என்றாள்.

"நல்லா இருக்கா. ஒண்ணும் இல்ல. ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு."

"மிதிச்சேங்க... தரையோட மிதிச்சேன். சத்தம் மட்டும்தான் வந்துச்சு." மூச்சு வாங்கியது. "நீங்க எல்லாம் பார்த்துப் பார்த்துத்தானே மாத்தினீங்க. ஏன் இப்படி ஆச்சு?"

அவர் அவள் கையைப் பிடித்தார். விரலில் இருந்த ஆயில் அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க."

"பேசிட்டேன்ம்மா."

"அதுக்குள்ளயா?" வலியிலும் அவள் புருவம் சுருங்கியது. "எப்ப பேசினீங்க?"

தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. லாரிகளைத் தாண்டி மேலே வர அதற்கு இன்னும் நேரமாகும். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லலாம்தான். அவள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"நீ மேடு ஏறுறதுக்கு முன்னாடி," என்றார்.