என் மேசை இருந்த இடத்தில் நாற்பதுக்கு எண்பது

1

இந்தக் கதை சுயநலத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிக்க வேண்டாம். என் எழுத்து மேசையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். என் மாமியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வீட்டிலேயே ஒரு மெஷின் கட்டப்போவதாக அறிவித்தார். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால், சுழலும் கத்தி தானாக நகர்ந்து பலகையை அந்த வடிவத்தில் வெட்டித் தருமாம். சிஎன்சி ரௌட்டர் என்று பெயர். மோட்டார், திருகு, வயர் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிவிட்டன. மிச்சம் சட்டகம். அதை அலுமினியப் புரொஃபைல் என்கிற கம்பிகளில் கட்ட வேண்டும். எந்த அளவு புரொஃபைல் என்பதுதான் கேள்வி. சின்னதாக வாங்கினால் மெஷின் என் அறையின் ஒரு மூலையில் அடங்கிவிடும், ஜன்னலோரம் என் மேசை பிழைத்துக்கொள்ளும். பெரிதாக வாங்கினால் மேசை வெளியே போக வேண்டியதுதான்.

நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கதை எழுதத் தைரியம் தேவையில்லை. ஒரு மாமியார், சின்ன புரொஃபைல் வாங்கி, சந்தோஷமாக மெஷின் கட்டி, எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள். என் கதைகளை முதலில் படிப்பவர் அத்தைதான். படித்து மனம் மாறட்டுமே. இலக்கியம் மனிதரை மாற்றும் என்று நானே மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

(என் கணவர், தான் இந்தக் கதையில் வரவே கூடாது என்று சொல்லிவிட்டார். "அம்மாவுக்கும் உனக்கும் நடுவுல என்னை இழுக்காத தாயே." அதனால் அவர் அடைப்புக்குறிக்குள் மட்டும் இருப்பார்.)

2

தொடக்கம் ஒன்று:

மழை விட்ட மாலையில், அலுமினியக் கடையின் வாசலில் அவள் நின்றிருந்தாள். ஈரத் தெருவின் வெளிச்சம் உலோகக் கம்பிகளில் ——

அத்தை இதற்குச் சிவப்புப் பென்சிலால் 'ஆர்' போட்டார்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அத்தை முப்பது வருடம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவராக இருந்தவர். பட்டறையில் செய்து வருவதை அளந்து பார்ப்பார். சரியாக இல்லையென்றால் சிவப்புப் பென்சிலால் ஓர் 'ஆர்', ரிஜெக்ட். அங்கே அவர் பெயரே ரிஜெக்டம்மாதான். பென்சிலைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார், பழக்கத்தையும்.* 'ஆர்' போட்டால் எந்த இடத்தில் தவறு என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவார். காட்டாமல் ரிஜெக்ட் செய்வது திமிர் என்பது அவர் கட்சி.

"மழை எதுக்கும்மா?"

"ஒரு சூழல் வேணுமே அத்தை."

"மழையில எவ புரொஃபைல் வாங்கப் போவா? கம்பியோட காடிப் பள்ளத்துல தண்ணி நிக்கும். வீட்டுக்கு வந்து தலைகீழா நிறுத்தி வடிக்கணும்."

தொடக்கம் இரண்டு:

வாழ்க்கை என்பதும் ஒரு சட்டகம்தான். அதில் நாம் ——

இதற்கு அவர் 'ஆர்'கூடப் போடவில்லை. பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய் டீ போட்டார்.

* வேலையை விட்டுப் போகிறவர்களுக்குத் தொழிற்சாலையில் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்களாம். அத்தை, "எனக்கு மணி பார்க்கத் தெரியும், டயல் கேஜ் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார். தலைமுடி அளவு வளைவைக்கூட முள்ளால் காட்டும் கருவி அது. பூஜைப் பொருள் போலத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். தொட்டால் தொலைந்தேன்.

3

தொடக்கம் மூன்று, கதைக்குள் நேராக:

அலுமினியப் புரொஃபைல் என்பது நான்கு பக்கமும் நீளவாக்கில் காடி ஓடும் சதுரக் கம்பி. காடிக்குள் நட்டை நுழைத்து, போல்ட்டை முறுக்கி, வெல்டிங் இல்லாமலே எதை வேண்டுமானாலும் கட்டலாம். அத்தை கடையில் எல்லாவற்றையும் பார்த்தார். இருபதுக்கு இருபது மில்லி தடிமன், எழுநூற்றைம்பது மில்லி நீளம். கைக்கு அடக்கமாக, அழகாக இருந்தது. "இதுவே போதும்" என்று புன்னகைத்தார்.

அத்தை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"நான் எதுக்கு இங்க புன்னகைக்கிறேன்?"

"பொருள் பிடிச்சதுல..."

"எதுக்கு எழுநூத்தம்பது வாங்குறேன்?"

"கதைக்கு அந்த நீளம் பொருத்தமா இருக்கு அத்தை."

"கதைக்கா, உன் மேசைக்கா?"

(அறையின் அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. யாரென்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.)

அத்தை கோபப்படவில்லை. அதற்குப் பதில் இரண்டு ஸ்டூல்களை எடுத்து வந்து தள்ளித் தள்ளிப் போட்டார். கடையில் கெஞ்சி வாங்கி வந்திருந்த மாதிரித் துண்டுகளில் மெல்லியதை அவற்றின் மேல் பாலம் மாதிரி வைத்தார். அடியில் டயல் கேஜ். நடுவில் அரை வாளித் தண்ணீரைத் தொங்கவிடச் சொன்னார்.

முள் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"ரெண்டு மில்லி தொங்குது பாரு. கத்தி மரத்தைக் கடிக்கிறப்போ இப்படி நெளிஞ்சா, வெட்டுறது நாற்காலியா, ஜிலேபியா?"

அடுத்தது நாற்பதுக்கு எண்பது. முதலில் படுக்கவைத்தார், முள் லேசாக அசைந்தது. பிறகு எண்பது பக்கம் உயரமாக வரும்படி நிறுத்திவைத்தார். அதே வாளி. முள் அசைந்ததா என்று கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

"அதே துண்டுதான். படுத்தா ஒரு பலம், நின்னா ஒரு பலம். நீளமும் அப்படித்தான். தண்டவாளம் எழுநூத்தம்பதுன்னா கத்தியைத் தூக்குற வண்டி அதுல பாதி இடத்தைத் தின்னுரும். நாற்காலியோட பக்கப்பலகைக்கு மிச்சம் பத்தாது. ஆயிரம் வேணும்."

ஆயிரம் என்றால் ஜன்னல்வரை. எனக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது, அது மட்டும் பளிச்சென்று வந்தது.

4

இப்போது எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம். மாமியாரும் மருமகளும் ஓர் அறைக்குப் போட்டியிடுகிறார்கள் என்றால் நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள்? எனக்குத் தெரியும். நானும் முயன்றேன்.

"இது என் வீடு, என் இஷ்டம்!" என்று அத்தை பாத்திரத்தை நங்கென்று ——

ஓரத்தில் அம்புக்குறியோடு சிவப்பு எழுத்து: "எப்ப சொன்னேன்? தேதி போடு."

சொல்லவே இல்லை. அதுதான் பிரச்சினை. வில்லியாக இருந்திருந்தால் சண்டை போட்டு மேசையைத் தக்கவைத்திருப்பேன். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுப் பார்த்தேன், இந்த வயதில் எதற்கு இந்த மெஷின் என்று.

"பக்கத்து நர்சரி ஸ்கூல் டீச்சரம்மா குட்டி நாற்காலி வேணும்னாங்க. மாதிரிக்கு ஒண்ணு செஞ்சு காட்டுங்க, பிடிச்சா எல்லாம் உங்ககிட்டதான்னாங்க. ஸ்கூல் திறக்குறதுக்குள்ள காட்டணும்."

"நாற்காலிதான் காரணமா?"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தால் கண்ணில் தண்ணீர், வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

"முப்பது வருஷம் அடுத்தவங்க செஞ்சத வேணாம்னு சொல்லியே சம்பளம் வாங்கினேன்மா. நானா ஒரு ஆணிகூடச் செஞ்சதில்ல. செஞ்சிருந்தா என்னையும் யாராவது ரிஜெக்ட் பண்ணியிருப்பாங்க. அது எப்படி இருக்கும்னுகூடத் தெரியாமலே வீட்டுக்கு வந்துட்டேன்."

ஆனாலும் மேசை மேசைதான். அன்று இரவும் கதையில் இருபதுக்கு இருபதையே வைத்துக்கொண்டேன்.

5

கடைக் காட்சியை நான் கற்பனை செய்யவில்லை. கூடப் போனேன், ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று.

விற்பவர் இளைஞர், வாய் நிறையப் பேச்சு. "மேடம், இதுக்கு இருபதுக்கு இருபதே போதும், ஷோ கேஸ் எல்லாம் இதுலதான் போடுறாங்க." அத்தை ஒவ்வொரு நாற்பதுக்கு எண்பதையும் எடுத்துக் கடையின் கண்ணாடி மேசையில் கிடத்தி ஒரு மூலையை விரலால் அழுத்தினார். 'டொக்' என்று சத்தம் வந்தால் முறுக்கு இருக்கிறது, தள்ளிவைத்தார். டொக். டொக். வேணாம். டொக். பிறகு ஒன்று சத்தமே போடாமல் கிடந்தது. அத்தை அதைத் தடவிக்கொடுத்தார்.

"இப்படிப் பொறுக்குனா நாங்க எப்படிம்மா யாவாரம் பண்றது?"

"தம்பி, நான் தள்ளிவெச்சதையெல்லாம் ஷோ கேஸுக்குக் குடுங்க. அது சும்மா நிக்கும். என்னுது வேலை பார்க்கணும்."

அவர் சிரித்துவிட்டார். மிச்சத்தையும் அவரே எடுத்துக் கிடத்தி, காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தார். வெட்டித் தந்த முனைகளிலும் அத்தை மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். ஒரே ஒரு முனையில் நூலளவு வெளிச்சம் தெரிந்தது. கடை சாத்துகிற நேரம். "சரி, சமாளிச்சுக்கலாம்" என்றார். ரிஜெக்டம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

6

மேசை சமையலறைக்குப் போனது. ஃபிரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவில். தூக்கியது யாரென்றால் (அவர்தான், முனகிக்கொண்டே).

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அத்தை கவனிக்காதவர்போல என் பேனாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார். ஜன்னலோரம் சட்டகம் எழுந்தது. தண்டவாளங்கள் இரண்டும் நெடுக்காக, அவற்றின் மேல் குறுக்காக அந்தச் சத்தம் போடாத பீம், எண்பது பக்கம் நிமிர்ந்து.

7

முதல் வெட்டு. ஒரு சதுரம் வெட்டி, இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் மில்லிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிஜெக்ட். அளவை அத்தையே முன்கூட்டிச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்.

கத்தி இறங்கியது. மரத்தூள் பறந்தது. சதுரம் கழன்று வந்தது. அத்தை அதைத் தொடவில்லை. பெரிய வெர்னியர் அளவுகோலைத் துணியில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"செஞ்சவங்களே பாஸ் போடக் கூடாதும்மா. எங்க ஷாப்ல அதுதான் சட்டம். கண்ணு ஏமாத்தும். நீ பாரு."

சிவப்புப் பென்சிலையும் கொடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல நின்றுகொண்டார். விரல்கள் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டிருந்தன.

அளந்தேன். மறுபடி அளந்தேன். அரை மில்லி.

வாசகரே, யோசித்துப் பாருங்கள். மேசை திரும்பக் கிடைக்க இதைவிட நல்ல நேரம் வருமா? உண்மையைச் சொன்னாலே போதும். ஆனால் எனக்கு வாயில் வந்து நின்றது 'பாஸ்' என்ற பொய். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது? நாலு எழுத்து எழுதுகிற எனக்கு ஒரு பொய் சொல்வதா கஷ்டம்?

முடிவு ஒன்று: பாஸ் என்று சொல்கிறேன். அத்தை திரும்பிச் சிரிக்கிறார். பள்ளிக்கூடத்தில் நாற்காலி ஆடுகிறது, ஒரு குழந்தை ——

வேண்டாம்.

முடிவு இரண்டு: ரிஜெக்ட் என்கிறேன். அத்தை எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு ——

அதையும் எழுத மனசு வரவில்லை.

நடந்தது: பலகையில் 'ஆர்' போட்டேன். ஒரு மூலைக்கு அம்புக்குறியும் போட்டேன்.

"ரிஜெக்ட், அத்தை. அரை மில்லி. இந்த மூலை."

அத்தை திரும்பினார். பலகையை வாங்கி அந்தச் சிவப்பு எழுத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"அடிப்பாவி! கொஞ்சமாச்சும் தயங்கினியா?"

"ரொம்ப."

"இப்பத்தான் தெரியுது, எங்க ஷாப்ல அந்தப் பசங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு. வலிக்கத்தான் செய்யுது." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இந்த முறை வெங்காயம் இல்லை. "அந்த முனைதான். கடையில சமாளிச்சுக்கலாம்னு விட்டேன் பாரு, அதே முனை. ஸ்பேனர் எடு."

பீமின் முனைக்கும் அதைப் பிடித்திருக்கும் தகட்டுக்கும் நடுவில் நூலளவு இடுக்கு. நிரப்ப மெல்லிய பித்தளைத் தகடு வேண்டும், கையில் இல்லை. அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார். நான் கிழித்துப் போட்டிருந்த கதைத் தாள்களில் ஒன்றை எடுத்து மடித்து மடித்துத் திணித்து, போல்ட்டை முறுக்கினார்.

"தகடு வாங்குற வரைக்கும்."

இரண்டாவது சதுரம் பாஸ். நான் இரண்டு முறை அளந்தேன், பொய் இல்லை. (அவரும் ஒரு முறை அளந்தார்.) தாள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மழை விட்ட மாலையில் அலுமினியக் கடை வாசலில் அவள் நின்றிருந்தாளே, அந்தத் தாள். மழைக்கு ஓர் உபயோகம் கிடைத்துவிட்டது.

8

இதை எழுதுவது சமையலறையில். உட்கார்ந்திருப்பது டீச்சரம்மாவுக்குக் காட்டச் செய்த குட்டி நாற்காலியில். முழங்கால் மோவாயை இடிக்கிறது. "பெரியவ நீ உட்கார்ந்து தாங்கினாத்தான் பிள்ளைங்களுக்குத் தாங்கும்" என்று உத்தரவு. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிறது. ஆடவில்லை.

கதையை அத்தையிடம் நீட்டினேன். கடைசிப் பக்கம்வரை படித்தார். பென்சிலை எடுக்கவில்லை.

"பாஸா அத்தை?"

"நான் எப்படிச் சொல்லுவேன்? இதுல நானே ஒரு பார்ட்டு. நீயும் சொல்ல முடியாது, செஞ்சவ. வேற ஆளைப் பாரு."

வேறு ஆள் என்றால் நீங்கள்தான். இந்தாருங்கள் பென்சில். எங்காவது அரை மில்லி தள்ளியிருக்கும், என் கண் என்னை ஏமாற்றும். 'ஆர்' போடுவதானால் தாராளமாகப் போடுங்கள், எந்த இடம் என்று மட்டும் அம்புக்குறி காட்டிவிடுங்கள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறேன். ஸ்பேனர் கையில்தான் இருக்கிறது.