யன்னலுக்கு ஒரு சாண்

நவம்பர் 14, வெள்ளி. என் பிழை: வீட்டைச் சூடாக்கும் புதுப் பொயிலரின் புகைக்குழாய் எந்தச் சுவரால் வெளியே போகவேண்டும் என்று அதைப் பூட்ட வந்த அருள்நாயகம் அண்ணைக்கு வாயால் மட்டும் சொன்னேன். எழுதிக் கொடுக்கவில்லை.

நாட்குறிப்பில் இவ்வளவையும் எழுதிவிட்டு அட்சயா பேனாவை மேசையில் எறிந்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை.

அஜின்கோர்ட்டில் அப்பாவோடு இருக்கும் வீட்டுக்கு அந்தப் பொயிலரைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். மாலை வகுப்பில் பொயிலர் பூட்டும் தொழிலைத்தான் படிக்கிறாள். அறை அறையாக அளந்து பார்த்ததில், பழையதில் பாதி அளவே போதும் என்று வந்தது. தன் கணக்கைத் தானே நம்பாமல் ஆசிரியரிடமும் காட்டினாள். சரி என்றார். பழையது சூட்டில் ஒரு பங்கைப் புகைபோக்கியால் வானத்துக்கு அனுப்பியது. புதியது அதையும் பிழிந்து எடுத்துவிட்டு, ஆறிய புகையைப் பிளாஸ்டிக் குழாயால் பக்கச் சுவருக்கு வெளியே தள்ளும். ஆறினாலும் புகை புகைதான். வடகிழக்குச் சுவரில் யன்னலே இல்லாததால் அந்தச் சுவரைக் காட்டினாள். ஆனால் கீழே இருக்கும் பொயிலரிலிருந்து ஏறும் குழாய், படங்கள் மாட்டிய சாமியறைக்குள்ளால் போகவேண்டும்.

இன்று வேலையால் வந்தபோது பொயிலர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலே கற்பூரம் கொளுத்திய கரி. அப்பா சண்முகநாதன் நல்ல நேரம் பார்த்து ஏற்றுவித்திருந்தார். அட்சயா வெளியே போய்ப் பார்த்தாள். கீழே பேஸ்மன்டில் வாடகைக்கு இருக்கும் கரோலினின் யன்னலுக்கு ஒரு சாண் தள்ளிக் குழாய் வெள்ளையாக ஊதிக்கொண்டிருந்தது. அந்த யன்னலுக்குக் கீழேதான் கரோலினின் ஆறு மாதக் குழந்தை படுக்கும்.

உள்ளே அருள்நாயகம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, யன்னலுக்கு மூண்டடி தள்ளி வைக்கச் சொல்லிப் பொயிலரோட வந்த புத்தகத்திலயே இருக்கு!"

"ரெண்டு மாசம் இரவுப் பள்ளிக்கூடம் போனோடன பிள்ளை இஞ்சினியர் ஆகீட்டா," என்று அவர் சிரித்தார். "அப்பாதான் அங்கால வைக்கச் சொன்னவர்."

"ஈசான மூலையால புகை விடுறதே? சாமி இருக்கிற இடம்," என்றார் அப்பா. "குளிருக்க ஆர் யன்னல் திறக்கிறது?"

சத்தம் கேட்டு, குழந்தையைத் தோளில் போட்டபடி கரோலின் படியேறி வந்தாள். "நான் திறக்கிறனான் அங்கிள். சமைக்கேக்க ஒவ்வொரு நாளும் திறக்கிறனான்."

"சாமிக்கு ஆகாத புகை இவனுக்கு ஆகுமோ அப்பா?" என்று அட்சயா குழந்தையைக் காட்டிக் கேட்டாள்.

அட்சயா கீழே இறங்கிப் பொயிலரை நிறுத்தினாள்.

"ஏத்தின அண்டைக்கே அணைக்கிறியே, மூதேசி!" என்று அப்பா படியில் நின்று கத்தினார். "வீடு விறைக்கப்போகுது!"

"விறைக்கட்டும். அண்ணை, நாளைக்குக் காலமை வந்து மாத்துங்கோ. இல்லாட்டி பொயிலர் செக் பண்ணுற இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கட்டும்."

அருள்நாயகத்தின் சிரிப்பு போய்விட்டது. "வாறன், வாறன்," என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"நான் ஒரு சாமிப் படத்திலயும் கை வைக்கமாட்டன்," என்றார் அப்பா.

இப்போது கரோலினும் குழந்தையும் மேலே, மின்சார ஹீட்டர் வைத்த அட்சயாவின் அறைக் கட்டிலில் கிடக்கிறார்கள். அப்பா இரண்டு ஜக்கெட் போட்டுக்கொண்டு, முகம் கொடுக்காமல் சோபாவில் இருக்கிறார். தான் மூன்றடி என்று சொன்னது சரிதானா என்று அட்சயா கையேட்டைத் திறந்து இன்னொருமுறை பார்த்தாள். சரிதான். பேனாவை எடுத்தாள்.

நாளை: அருள்நாயகம் அண்ணை வருமுன் சாமிப் படங்களை நானே இறக்கி வைக்கவேண்டும். வடகிழக்குச் சுவரில் துளை வரும் இடத்தை அளந்து குறிக்கவேண்டும்.